எரிமலைத் தீவும் அஞ்சா உயிர்களும்

நிலம், நீர், தீ, வளி, விசும்பு எனும் ஐம்பூதங்களுள் தீயும் நீரும் ஒன்றற்கொன்று பகை என்பது சிறுவரும் அறிந்ததே. அப்பகையிரண்டும் கூடி ஒரு தீவை ஈன்று, தீயானது அதனை வளர்க்க, நீரானது அதன் கரைகளை உயிரால் நிரப்பிவரும் அரிய காட்சியைப் பசிபிக் சமுத்திரத்திலே காணலாம். தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டுக் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 600 மைல் தூரத்தில், பூமத்திய ரேகையின் இருமருங்கும் சிதறிக் கிடப்பது கலாப்பகோஸ் தீவுக்கூட்டம். அதன் மேற்கு அந்தத்தில் நிற்கும் பெர்னாண்டினா என்னும் தீவே யாம் கருதியது.

விழா மலர்களிலே கல்லூரியின் பழைய நாட்களை நினைவுகூர்தல் மரபு. அப்பணிக்குத் தக்கார் பலர் உளர். ஆதலின் யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். வகுப்பறையிலே புவியியலும் உயிரியலும் வெவ்வேறு பாடங்களாக எமக்குப் போதிக்கப்பட்டன. அவையிரண்டும் ஒரே கரையில் ஒன்றாய் நிற்பதைக் காண்பதற்கு இத்தீவினும் சிறந்த இடம் அரிது. அன்றியும், இயற்கையைக் காணச் செல்வோனுக்கு உரிய கடமை யாது என்னும் வினாவையும் இத்தீவு எழுப்புகின்றது. அவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீயின் பிள்ளை

1825ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில், கடல்நாய் வேட்டைக்குச் சென்ற பெஞ்சமின் மொரெல் என்னும் அமெரிக்கக் கப்பற்றலைவர், பெர்னாண்டினாவுக்கு எதிரேயுள்ள இசபெலாத் தீவின் குடாவொன்றில் நங்கூரமிட்டிருந்தார். நள்ளிரவு கடந்த வேளையில் மலை வெடித்தது. நெருப்பாறு மலைச்சரிவில் இறங்கிக் கடலிற் பாய்ந்தது. காற்றும் கடல்நீரும் கொதிநிலையை நோக்கி ஏறினவென்றும், கப்பற் பலகைகளின் இடுக்கிலிட்ட கீல் உருகியதென்றும், பாய்மரக் கயிறுகளிலிருந்து தார் சொட்டியதென்றும் அவர் தம் நூலில் எழுதியுள்ளார். சிறிது காற்றெழவே, கப்பல் ஒருவாறு தப்பி வெளியேறியது.

அம்மலை இன்றும் ஓய்ந்திலது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,800 அடி உயர்ந்து நிற்கும் அதன் உச்சியிலே பெரியதொரு குழிவாய் உண்டு. 1968ஆம் ஆண்டில் அக்குழியின் அடித்தளம் 1,000 அடிக்கு மேலாகக் கீழே அமிழ்ந்தது. 2017, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் மலை மீண்டும் குமுறியது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கிய வெடிப்பின்போது குழம்பு கடலையும் எட்டியது.

இதற்குக் காரணம் யாதெனின், கடலடிக்குக் கீழே ஓரிடத்தில் நிலையாய் நிற்கும் வெப்ப ஊற்றொன்று பாறைகளை உருக்கி மேலெழுப்புகின்றது. அதன்மீது கிடக்கும் புவித்தட்டோ ஆண்டுக்குச் சில அங்குலம் வீதம் கிழக்கு நோக்கி நகர்கின்றது. அடுப்பு ஓரிடத்தில் நிற்க, மேலேயுள்ள தட்டு நகர்வதாற் புதிய தீவுகள் மேற்கே தோன்றுகின்றன. பழையன கிழக்கே சென்று குளிர்ந்து தேய்கின்றன. கிழக்கிலுள்ள தீவுகளுக்கு வயது முப்பது நாற்பது இலட்சம் ஆண்டுகள். பெர்னாண்டினாவோ பத்து இலட்சம் ஆண்டுகளும் நிரம்பாத இளம்பிள்ளை.

நீரின் கொடை

அத்தீவின் கரையில் இறங்குவோன் முதலிற் காண்பது வெறுமையே. கயிறுபோல் முறுக்குண்டும் கண்ணாடிபோல் உடைந்தும் கிடக்கும் கரும்பாறை, வெடிப்புகளில் ஆங்காங்கே ஒரு கள்ளி, குடிக்க நன்னீர் இல்லை, குடிகளும் இல்லை. உயிர் வாழ்தற்கு ஒவ்வாத இடம் எனவே எவரும் முடிவு செய்வர். அவர் சிறிது பொறுத்து நோக்குவராயின், தம் காலடியிலுள்ள பாறையே மூச்சுவிடுவதுபோல் தோன்றும். பாறையெனக் கருதியது பாறையன்று; ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிக் கிடந்து வெயில்காயும் நூற்றுக்கணக்கான கடல் இகுவானாக்கள் அவை. ஓணானையும் உடும்பையும் நினைவூட்டும் உருவமும், கரிய நிறமும், முதுகில் முட்சீப்பும் உடைய பல்லியினம் இது.

வறண்ட நிலத்தில் இத்துணை உயிர்கள் எதனை உண்டு வாழ்கின்றன? விடை நிலத்தில் இல்லை, நீரில் உண்டு. பசிபிக் சமுத்திரத்திலே, மேற்பரப்பின் கீழ், பூமத்திய ரேகையை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காகக் குளிர்ந்த நீரோட்டமொன்று ஆயிரக்கணக்கான மைல் ஓடுகின்றது. 1952இல் அதனைக் கண்டறிந்த விஞ்ஞானியின் பெயரால் அது குரொம்வெல் நீரோட்டம் எனப்படும். அந்நீரோட்டம் பெர்னாண்டினாவின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுகின்றது. அடிநீரிற் கரைந்துள்ள உரச்சத்து ஒளிபடும் இடத்துக்கு வரவே, நுண்ணிய மிதவையுயிர்களும் பாசியும் செழிக்கின்றன. அவற்றை உண்ண மீனும், மீனை உண்ணப் பறவையும் கடற்சிங்கமும் கூடுகின்றன. தீயிலிருந்து பிறந்த மலை குறுக்கே நில்லாவிடின் நீர் மேலெழாது. நீர் மேலெழாவிடின் மலை வெறும் பாறையாகவே கிடக்கும்.

பூமத்திய ரேகையிலே பெங்குவின் வாழ்வதும் இக்குளிர்நீராலேயே. ஒன்றரை அடி உயரமே உள்ள கலாப்பகோஸ் பெங்குவின்களுட் பெரும்பாலானவை பெர்னாண்டினா, இசபெலா ஆகிய இரு தீவுகளின் கரைகளிலேயே உள்ளன. வெயிலுக்கு அஞ்சி எரிமலைப் பாறையின் பொந்துகளில் முட்டையிட்டு வாழும் பெங்குவினை வேறெங்கே காணமுடியும்?

பறத்தலை மறந்த நீர்க்காகமும் இவ்விரு தீவுகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. கரையிலே துரத்தும் பகையின்மையால் அதற்குச் சிறகு வேண்டப்படவில்லை. கடலடியிற் கணவாய் இனங்களையும் விலாங்கையும் துழாவிப் பிடிக்க வலிய கால்களே வேண்டப்பட்டன. தலைமுறை தலைமுறையாய்ச் சிறகு குறுகியது, கால் வலுத்தது. ஆயினும் நீரிலிருந்து கரையேறியவுடன், தன் முன்னோர் செய்தவாறே, அக்குறுஞ்சிறகை விரித்துக் காற்றில் உலர்த்தி நிற்கின்றது. பயன் போன பின்னரும் பழக்கம் போகவில்லை.

மூழ்கிக் காண்போர்

கடலே இத்தீவின் வயலாயின், கரையில் நின்று காண்பது அரைக்காட்சியே ஆகும். இதனை முதலில் உணர்ந்தோருள் ஒருவர் வில்லியம் பீபி என்னும் அமெரிக்க விலங்கியலறிஞர். அவர் 1925இல் செம்புத் தலைக்கவசத்தைத் தோளில் தாங்கி, படகிலிருந்து குழாய்வழி காற்று இறைக்கப்பட, இத்தீவுக்கூட்டத்தின் கடலடியிலே நடந்து மீன்களைக் கண்டார். 1953-54இல் ஆஸ்திரிய நாட்டவராகிய ஹான்ஸ் ஹாஸ் தம் மனைவி லொட்டேயுடன் "ஸரீபா" என்னும் பாய்க்கப்பலில் வந்து, குழாயின் கட்டின்றி நீந்திப் படம் பிடித்தார். அக்கப்பலில் உடன்வந்த ஐபில்-ஐபெஸ்ஃபெல்ட் என்னும் இளம் உயிரியலறிஞர், இங்குள்ள உயிர்கள் அழிக்கப்படுவதைக் கண்டு உலகுக்கு எடுத்துரைத்தார். அவர் போன்றோரின் முயற்சியால், டார்வினுடைய நூல் வெளிவந்து நூறாண்டு நிறைந்த 1959இல், எக்குவடோர் அரசு இத்தீவுகளைத் தேசிய பூங்காவாக்கியது.

இன்று மூழ்குவோர் அமுக்கக் காற்று நிரப்பிய உருளையை முதுகில் தாங்கிச் செல்கின்றனர். முத்தும் சங்கும் குளித்தெடுத்தோர் ஒரே மூச்சை அடக்கிச் சென்று மீண்டனர். உருளையுடன் செல்வோனுக்கோ மூச்சை அடக்குதலே தவறு. ஏனெனில், மேலேறும்போது நெஞ்சிலுள்ள காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். 33 அடி ஆழத்துக்கு ஒருமுறை ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. அவ்வமுக்கத்தினாற் காற்றிலுள்ள நைதரசன் குருதியிற் கரைகின்றது. விரைந்து மேலேறினால், மூடி திறந்த சோடாப் போத்தலிற்போல் அது குமிழிகளாய் வெளிப்பட்டு மூட்டையும் நரம்பையும் தாக்கும். ஆதலின் மூழ்கினோர் மெல்ல ஏறி, 15 அடி ஆழத்திற் சில நிமிடம் தரித்து நின்ற பின்னரே தலை நீட்டுவர். பெர்னாண்டினாக் கடலிலே குளிர்காலத்து நீர் 15 பாகை அளவுக்கும் இறங்குமாதலின் தடித்த இறப்பர் உடையும் வேண்டும். நீரோட்டமும் வலிது. கற்றுக்குட்டிக்கு உரிய கடல் அன்று இது.

இத்துன்பங்களைத் தாங்கிச் செல்வோனுக்குக் கிட்டும் காட்சி யாது? தீவின் வடமேற்கிலுள்ள டக்ளஸ் முனையிலே, பத்துப் பதினைந்து அடி ஆழத்துப் பாறைகளை நோக்கி, காலை வெயிலில் உடல் சூடேறிய இகுவானாக்கள் நீந்தி வருகின்றன. கால்களை உடலோடு ஒட்டி, தட்டையான வாலை அசைத்தே நீந்துகின்றன. அலை இழுக்கும் வேளையிற் கூரிய நகங்களாற் பாறையைப் பற்றிக்கொண்டு, மழுங்கிய வாயைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பாசியை அறுத்து உண்கின்றன. உலகிலுள்ள பல்லியினங்களுட் கடலிலே இரைதேடுவது இஃதொன்றே. பருத்த ஆண்களே ஆழத்துக்கு வருவன. உடல் சிறியவை விரைந்து குளிர்ந்துவிடுமாதலின், வற்றுப்பெருக்கு வேளையிற் கரைப்பாறைகளிலேயே மேய்கின்றன. மூழ்கியவையும் சில நிமிடங்களில் உடல் சில்லிட்டுக் கரையேறி, மீண்டும் கரும்பாறையின் சூட்டிற் படுத்துவிடுகின்றன. உண்ட உப்பை மூக்கின் வழியே தும்மி எறிகின்றன. எரிமலை தந்த பாறை அடுப்பாகவும், கடல் தந்த பாசி உணவாகவும் அமைய, இவ்விரண்டுக்குமிடையே நாள்தோறும் நடக்கும் போக்குவரவே அவற்றின் வாழ்க்கை.

அவ்வேளையில் தலைக்குமேலே பெங்குவின்கள் மீன்கூட்டத்தை ஊடறுத்து அம்புபோல் விரைகின்றன. நீர்க்காகம் மூழ்குவோனின் அருகே வந்து, பாறையிடுக்கிலே கழுத்தை நுழைத்து இரை தேடுகின்றது. கடற்சிங்கக் குட்டிகள் அவன் விடும் காற்றுக் குமிழிகளைக் கடித்து விளையாடுகின்றன. பசிய கடலாமை கண்ணைத் திறந்து பார்த்து மீண்டும் உறங்குகின்றது. எதிரேயுள்ள இசபெலாவின் வடகோடியிலே, வட்டத் தட்டுப்போன்ற சூரியமீன்கள் குளிர்நீரில் மேலேறி வருவதையும் காணலாம். இவற்றுள் ஒன்றேனும் மனிதனைக் கண்டு ஒளிவதில்லை.

டார்வினின் வினா

இவ்வச்சமின்மையை ஆராய்ந்தோருள் தலையாயவர் சாள்ஸ் டார்வின். 1835இல் "பீகிள்" கப்பலில் வந்து ஐந்து வாரம் இத்தீவுகளிடையே தங்கிய அவர், கடல் இகுவானா ஒன்றைப் பிடித்து, வற்றிய கடல் விட்டுச்சென்ற ஆழமான குட்டையில் எறிந்தார். அது நன்கு நீந்தவல்லது, எளிதில் தப்பியிருக்கலாம். ஆயினும் நேரே அவர் நின்ற இடத்துக்கே திரும்பி வந்தது. மீண்டும் எறிந்தார், மீண்டும் வந்தது. பலமுறை எறிந்தும் அஃது அவ்வாறே செய்தது.

இவ்விலங்குக்குக் கடலிற் சுறா எனும் பகை உண்டு. கரையிலே அத்தகைய பகை இல்லை. ஆதலின், இடர் யாதாயினும் கரைக்குத் திரும்புதலே அதன் குருதியில் ஊறிய வழக்கம் என டார்வின் கருதினார். பிற்கால ஆய்வுகள் இதனை மேலும் விளக்கின. கரையிற் பருந்து உண்டு. பருந்து வருவதைக் கூவி அறிவிக்கும் சிறு பறவையொன்றின் குரலைக் கேட்டவுடன், தமக்கெனக் குரலில்லாத இகுவானாக்கள் விழிப்படைகின்றன. மனிதனோ, அவன் கொண்டுவந்த நாயோ பூனையோ அவற்றின் பழைய கணக்கில் இல்லை. துரத்தப்பட்டாற் சிறிது தூரம் முன்னதாகவே ஓடக் கற்கின்றன. ஆயினும் உயிர் தப்பப் போதுமான அளவு கற்பதில்லை. எனவே அவ்விகுவானா தன்னை எறிந்த கையினிடத்துக்கே அடைக்கலம் நாடி வந்தது.

அடைக்கலம் பட்ட பாடு

வந்த உயிர்களுக்கு நாம் யாது செய்தோம்? பல ஆண்டுகளாகத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இத்தீவுகளின் பேராமைகளை உயிரோடு அள்ளிச் சென்றன. உணவும் நீருமின்றி மாதக்கணக்கிற் கப்பலடியில் உயிர்வாழக் கூடியன என்பதே அவை செய்த குற்றம். அவ்வாறு அழிந்தவை ஓரிலட்சத்துக்கு மேல் என மதிப்பிடுவர். பெர்னாண்டினாவின் பேராமை இனத்தில் 1906இல் ஓர் ஆண் மட்டுமே கண்டெடுக்கப்பட்டது. பின்னர் அவ்வினம் அற்றது என எண்ணினர். 2019இல் எரிமலைக் குழம்பு சூழ்ந்த பசுந்திட்டொன்றிலே தனித்துவாழ்ந்த பெண்ணாமை ஒன்று கிடைத்தது. அஃது அவ்வினமே என 2022இல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. அதற்கு ஒரு துணையை இன்றும் தேடுகின்றனர்.

கடலும் தப்பவில்லை. எம்மவர்க்கு நன்கு தெரிந்த கடலட்டை, 1990 முதலான ஆண்டுகளில் ஆசியச் சந்தைக்காக இத்தீவைச் சூழ்ந்த நீரிற் பெருந்தொகையாக அள்ளப்பட்டு அருகிப்போயிற்று. 2001இல் இத்தீவுக்கூட்டத்தின் கிழக்கே எண்ணெய்க் கப்பலொன்று தரைதட்டியது. சாந்தா பே என்னும் தீவை எட்டிய எண்ணெய் மிகச் சிறிதே. எனினும் அடுத்த ஓராண்டுக்குள் அங்குள்ள கடல் இகுவானாக்களுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை மாண்டன. பாசியைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்களை எண்ணெய் அழித்திருக்கலாம் என்பது ஆய்ந்தோர் கருத்து.

இயற்கையும் தன் பங்குக்குச் சோதிக்கின்றது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை "எல் நினோ" எனும் நிலை தோன்றும்போது வெந்நீர் மேற்பரப்பை மூட, குளிர்நீரின் கொடை நின்றுவிடுகின்றது. 1982-83இல் அவ்வாறு நேர்ந்தபோது பெங்குவின்களில் நூற்றுக்கு 77ம், பறவா நீர்க்காகங்களில் 49ம் குறைந்தன. இகுவானாக்களோ பஞ்ச காலத்தில் எலும்பும் குறுகி, உடல் நீளத்தில் ஐந்திலொரு பங்குவரை சிறுத்து, நற்காலம் வந்ததும் மீண்டும் வளர்கின்றன. இயற்கை தரும் பஞ்சத்துக்கு அவை வழி கண்டுள்ளன. மனிதன் தரும் கேட்டுக்கு வழி காண அவற்றுக்குக் காலம் வாய்க்கவில்லை.

தீவுக்கூட்டத்தின் வடகோடியில் டார்வின், வொல்ஃப் என இரு சிறு தீவுகள் உண்டு. எம் மீனவர் கொம்பன் சுறா எனக் கூறும் சம்மட்டித்தலைச் சுறாக்கள் அங்கே கூட்டங்கூட்டமாய்த் திரிகின்றன. ஆனி தொடக்கம் கார்த்திகை வரையிலான காலத்தில், சூல்கொண்டன எனக் கருதப்படும் பெரிய திமிங்கிலச் சுறாக்கள் வந்து செல்கின்றன. அங்கு ஒரு ஹெக்டேயர் நீரில் ஏறத்தாழ 12 தொன் நிறையுள்ள சுறாக்கள் உள்ளன எனவும், அதுவரை உலகில் அறியப்பட்டவற்றுள் அதுவே மிகுதி எனவும் 2016இல் அறிவித்தனர். மறு ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், காப்பகத்தின் எல்லைக்குள்ளே பிடிபட்ட சீனக் கப்பலொன்றின் குளிரறைகளில் 6,600க்கு மேற்பட்ட சுறாக்கள் கிடந்தன. கப்பற்றலைவனுக்கு நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சுறாவுக்கு எல்லைக்கோடு தெரியாது. அது கொஸ்தா ரிக்காவின் கொக்கோஸ் தீவு வரையும் செல்லும். இதனை உணர்ந்த எக்குவடோர் அரசு, 1998இல் அமைத்த கடற்காப்பகத்துக்கு மேலாக, 60,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மற்றொன்றை 2022இல் அமைத்து, "சகோதரத்துவம்" எனப் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டியது.

காண்போன் கடமை

இன்று பெர்னாண்டினாவிற் கால்வைக்கப் பொதுமக்களுக்கு எஸ்பினோசா முனை என்னும் ஒரேயிடம்தான் உண்டு. உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி இறங்க இயலாது. குறித்த பாதையை விட்டு அகலலாகாது. எவ்விலங்குக்கும் ஆறடிக்குள் அணுகலாகாது, தீண்டலாகாது, உணவிடலாகாது, ஒரு கூழாங்கல்லையும் எடுத்துச் செல்லலாகாது. எலியும் பூனையும் ஆடும் இத்தீவில் இன்றுவரை குடியேறாமையால், வருவோரின் காலணியில் ஒட்டிய விதையையும் கழுவிவிடுகின்றனர். கடலில் மூழ்குவோர்க்கும் இவ்விதிகள் ஒக்கும்: சுறாவைத் துரத்தாதே, ஆமையைப் பற்றாதே, வருவது வரட்டும் எனப் பாறையருகே அசையாது பொறுத்திரு.

சிலர் இவற்றை மிகையெனக் கருதலாம். அஞ்சும் விலங்கு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அதனை அணுகுவோனை அதன் அச்சமே தடுத்து நிறுத்தும். அஞ்சா விலங்குக்கு அத்தகைய வேலி இல்லை. ஆதலின் அவ்வேலியைக் காண்போனே தன் உள்ளத்தில் அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். இதுவே யாம் முதலில் எழுப்பிய வினாவுக்குக் கிடைக்கும் விடை.

எம் கல்லூரி மாணவருட் சிலரேனும் எதிர்காலத்தில் உயிரியலோ கடலியலோ கற்று, இத்தீவையோ இதனைப் போன்ற வேறிடங்களையோ காணும் பேறு பெறுவர் என நம்புகின்றோம். அவர்களும், சென்றுகாண வாய்ப்பில்லாத ஏனையோரும், டார்வின் எறிந்த அப்பல்லியை மறவாதிருப்பாராக. மீண்டும் மீண்டும் எறியப்பட்டும், மீண்டும் மீண்டும் அவர் காலடிக்கே அது நீந்தி வந்தது. அன்று அவர் அதனைக் கூர்ந்து நோக்கினார்; ஏன் என வினவினார்.